செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நம் தெருமுனைச் சுகாதார நிலையத்தில் தினம் நாற்பது நோயாளிகளாவது வராவிட்டால் அதை மூடிவிடுவோம் என்று போன வருடம் ஆணை போட்டார்கள். வருவதோ முப்பது பேர். தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். ஆளுக்கொரு கிழமை, ஆளுக்கொரு வியாதி. மாவுமில்காரருக்கு மூட்டுவலி, உன் அம்மாவுக்குத் தலைசுற்றல், எனக்குச் செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக நடித்தேன். தையல் கடையை அடைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் போகிற அழகைப் பார்க்கவே ஆள் நிற்கும். டாக்டரே பயந்துபோய் மூன்று முறை சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று முறையும் அங்கே சோதித்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது பத்து நாளாக நிஜமாகவே வலிக்கிறது, அம்மாடி. மெஷினை மிதித்தால் மூச்சு வாங்குகிறது. இடது கை கனக்கிறது.

வியாழக்கிழமை போனேன். நர்ஸம்மா, "என்ன டெய்லரய்யா, இன்னிக்கு உங்க முறை இல்லையே?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். டாக்டர் சீட்டுப் போட உட்கார்ந்தார், கம்ப்யூட்டர் விடவில்லை. ஒரே வியாதிக்கு மூன்று முறை ஒன்றுமில்லை என்று வந்தால் ஆறு மாதத்துக்குச் சீட்டுக் கிடையாதாம், புது விதி. சீட்டில்லாமல் பெரிய ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்ட முடியாது. மயங்கி விழுந்தால் மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். விழுகிறவரை காத்திருப்பதும் ஒரு வைத்தியம் போலிருக்கிறது! தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம் நாம் தலைவைத்துப் படுக்க முடியுமா, சொல்.

நடித்ததையெல்லாம் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு வழி இருக்கிறது என்றார். முன்பு சொன்னதெல்லாம் பொய் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தடை நீங்குமாம். ஆனால் விசாரணை வரும், எல்லார் குட்டும் உடையும், சுகாதார நிலையத்துக்குப் பூட்டு விழும். இஸ்திரிக்காரர் மகள் காலையும் மாலையும் அங்கேதான் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். அவர்கள் வீட்டில் மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் கிடையாது. எழுதவேண்டிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எழுத மனம் வரவில்லை. எழுதாமலிருக்கப் பயமாக இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் வலிக்கிறது என்றேன். "என்கிட்டயே ஒத்திகையா? செவ்வாய்க்கிழமைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தினமும் அவள் முன்னால்தானே நடித்துப் பழகினேன்.

உன் ஊரில் என்ன விதி என்று விசாரித்து எழுது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். அம்மா போனில், "உங்கப்பா இப்பல்லாம் வீட்லயும் நடிக்கிறார்டி" என்று சிரித்தால், நீயும் சேர்ந்து சிரித்துவிடாதே, கண்ணு.

உன் அப்பா