புகைக்குள் உருட்டிய மோட்டார் சைக்கிள்

லாசால்
2023 யூன் 2

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

இன்று காலை கார் தரிப்பிடத்தில் உன் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்கப் போய், நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தேன். வண்டி மேலே, நான் கீழே. மூன்றாம் மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட அல்போன்சம்மா, "பேரின்பம் அண்ணை, நீங்கள் அதைக் கொண்டுபோறியளோ, அது உங்களைக் கொண்டுபோகுதோ?" என்று கேட்டா. முழங்காலை விட அதுதான் நொந்தது.

போன் எடுக்கமாட்டாய் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று கத்தி, வண்டியோடு வீட்டுப்படி ஏறாதே என்று நான் சொல்லி இரண்டு வருசம். நீ வண்டியை விட்டுவிட்டு வடக்கே தாதி வேலைக்குப் போய்விட்டாய். நாளை அதை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். எழுநூறு கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டியவனுக்கு இது பெரிசோ? உன் வாசலில் விட்டு, தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு, பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கதவைத் திறந்தாலே போதும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா

யூன் 4

அப்பா,

அல்போன்சம்மா அன்ரி அம்மாவிடம் சொல்லிவிட்டா. அம்மா அழுகிறா.

இங்கே காடு எரிகிறது. பகலிலேயே லைற் போட்டுக்கொண்டு திரிகிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றத் தொடங்கிவிட்டோம். நீங்கள் வரும் பாதையில் இருநூறு கிலோமீற்றருக்குப் பெற்றோல் இல்லை, சிக்னல் இல்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. திரும்புங்கோ.

சாம்பவி

ஏரிக்கரை ஊர், பள்ளிக்கூட மண்டபம்
யூன் 5

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று முதலில் அம்மாவுக்குச் சொல்.

நேற்று மத்தியானம் சூரியன் தக்காளிப்பழம் மாதிரித் தெரிந்தது. காட்டுச் சூடு காற்சட்டைக்குள்ளால் ஏறியது. இரவில் உடுக்கக் கொண்டுவந்த சாரத்தை நனைத்து மூக்கில் கட்டினேன். பத்து நிமிசத்தில் காய்ந்துவிட்டது. திடீரென்று புகைக்குள் பொலிஸ் விளக்குச் சுழன்றது. பாதைத்தடை. உடனே லைற்றை அணைத்தேன், எஞ்சினை நிறுத்தினேன், ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் கொழுவிக்கொண்டு இறங்கி உருட்டத் தொடங்கினேன். யோசித்துச் செய்யவில்லை மகள். ஊரில் ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கும் சென்றியில் அப்படித்தான், உருட்டாதவனைச் சுடுவான். முப்பது வருசத்துக்கு மேலாகியும் கால் மறக்கவில்லை.

பின்னால் வந்த மரலொறிக்காரன் லைற் இல்லாத என்னை எப்படிக் காண்பான்? ஹோர்னை அமத்தியபடி என் முழங்கையோடு உரசிக்கொண்டு போனான். உன் வண்டியின் பக்கக் கண்ணாடி போய்விட்டது. கோபிக்காதே.

ஓடி வந்த பொலிஸ்காரிக்கு உன் வயசுதான். பிரெஞ்சில் ஏசினாள். கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தந்து, லைற்றைப் போடவைத்து, நான் பெற்றோல் அடித்த இந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். பாதை பூட்டு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நீ வெளியே வந்துவிட்டாயா? ஒரு வரி எழுது.

அப்பா

யூன் 6

அப்பா,

லொறி வந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன். சென்றிக் கதையை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லவில்லை?

எங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். கடைசி பஸ்ஸில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நெருப்பு. சிக்னல் வருகிற இடத்தில்தான் இது உங்களுக்கு வந்துசேரும். நீங்கள் நிற்கிற ஊரில்தான் இறக்குவார்களாம். வண்டியைத் தொடாதையுங்கோ. நான்தான் ஓட்டுவேன், நீங்கள் பின்னால் இருங்கோ.

சாம்பவி

லாசால்
யூன் 24

அன்புள்ள மகளுக்கு,

நீ சுகமாய் வேலைக்குத் திரும்பியது சந்தோசம். அம்மா மிளகாய்த்தூளை உன் பையின் அடியில் வைத்தாவாம், பார். அல்போன்சம்மா இன்னும் விடவில்லை: "மகளுக்குப் பின்னாலை கைக்குழந்தை மாதிரி வந்து இறங்கினியளே அண்ணை."

நீ ஓட்ட நான் பின்னால் இருந்த ஐந்து மணித்தியாலமும் ஒன்றைச் சொல்லப் பார்த்தேன். வாய் திறக்கப் புகை போய் இருமல்தான் வந்தது. "என்னப்பா?" என்றாய். "ஒண்டுமில்லை, பாத்து ஓடு" என்றேன்.

இரண்டு வருசத்துக்கு முன், வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, நீ திரும்பி வந்து இரண்டு தரம் மணி அடித்தாய். எனக்குக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

கேட்டது மகள். கதவுக்கு இந்தப் பக்கம், கைபிடியில் கையை வைத்தபடி நின்றேன்.

அப்பா