பொருட்காட்சிக்கு வெறும் வயிற்றோடு

ஏங்க,

களத்துக் காவல் முடிந்து நீங்கள் வருவதற்குள் முதல் பஸ் போய்விடும். நம் அரசி கூப்பிட்டபடி வேலூருக்குத்தான் கிளம்புகிறேன். கிறிஸ்துமஸ் விளக்கு, பொருட்காட்சி, ராட்டினம் எல்லாம் காட்டப்போகிறாளாம். இதுவரை இல்லாத ஆசை இந்த மார்கழியில் எப்படி வந்ததோ.

நேற்று போனில் என்ன சொன்னாள்?

"யம்மா, காலைல ஒண்ணும் சாப்புடாம வா."

"இன்னாத்துக்குடி?"

"மலை எறங்கறப்போ வாந்தி வரும்ல."

பக்கத்தில் நின்று, "ஆமா செல்லி, அவ சொல்றது சரிதான்" என்று நீங்களும் ஒத்து ஊதினீர்கள். இத்தனை வருஷமாக அந்த வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது நீங்களா, நானா? ராட்டினம் பார்க்கப் போகிறவள் பையில் நீங்கள் வைத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை எதற்கு?

சாமை புடைக்கும்போது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவளிடம் சொல்லிவிட்டீர்கள். சொல்லாதீங்க என்று அவ்வளவு கேட்டேனே. இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரியைப் பொருட்காட்சி ஆக்கிவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுச் சிவசங்கரி முறம் கேட்டு வருவாள், கொடுத்துவிடுங்கள். எங்கே என்று கேட்டால் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள்.

செல்லி

எழுத மறந்தது: சட்டியில் இரண்டு களி உருண்டை இருக்கிறது. இரண்டையும் நீங்களே சாப்பிடுங்கள். என் பங்கை நான் தொடவில்லை.