வெள்ளிக்கிழமைக்காக மாற்றிய எழுத்துகள்

பிள்ளை,

உன் அண்ணையின் மூத்தவன் டொக்டருக்குப் படிக்கிறான். அடுத்தவன் சீனியர் சோதனையில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தான். கடைக்குட்டிப் பெட்டை கொழும்பில் ஒரு கந்தோரில் டைப் அடிக்கிறாள். அவளுடைய படம் நேற்றுத் தபாலில் வந்தது. மெசினுக்கு முன்னால் இருந்து, பத்து விரலையும் எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஊரெல்லாம் காட்டவேண்டிய படம். நான் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தேன். மாதம் ஒரு புதுப்படம் அனுப்பு என்று எழுதிக் கேட்கிறவள் நான். இனிக் கேட்கமாட்டேன்.

உனக்கும் முதலில் நொந்தது மணிக்கட்டுத்தான். கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் கொடுத்துவிடும் கடதாசிக் கட்டுகளை உன் ஐயா வாங்கித் தந்த மெசினில் விடிந்தது தொடங்கி விளக்கு வைக்கும்வரை அடிப்பாய். ஒருநாள் சோறு குழைக்க விரல் மடங்காமல் கரண்டி கேட்டாய். நான் நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசினேன். உனக்குப் படிப்பித்த ரீச்சர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து தந்தா. எழுத்துகளை வேறு ஒழுங்கில் வைத்த மெசினின் படம் அதில் இருந்தது.

"அடிக்கடி வாற எழுத்தெல்லாம் நடு வரிசையிலை, விரலுக்குக் கீழை கிடக்கும் அம்மா. மேலையும் கீழையும் எட்டத் தேவையில்லை" என்றாய்.

மானிப்பாயில் மணிக்கூடு திருத்துகிறவரைக் கொண்டு எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடம் மாற்றி, ஈயத்தால் ஒட்டுவித்தாய். பாராமலே அடித்தவள், அதன்பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாய்.

"கோழி கொத்துற மாதிரியெல்லோ கொத்துறாய்" என்றேன்.

"இரண்டு மாசம் பொறுங்கோ அம்மா. விரல் பழகியிடும். நோவு இப்பவே குறைஞ்சிட்டுது."

மூன்று கிழமைதான் பொறுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உன்னைப் பெண்பார்க்க வருவதாக இருந்தார்கள். என் பிள்ளை பாராமல் அடிப்பாள், காட்டுகிறேன் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். நீ கொழும்புத்துறைக்குச் சித்தி வீட்டுக்குப் போன புதன்கிழமை, மெசினை வண்டியில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்குப் போனேன்.

"பிள்ளை ஆசைப்பட்டெல்லோ மாத்தினவ?" என்று கேட்டார் திருத்துகிறவர்.

"அவதான் பழையபடி ஆக்கச் சொன்னவ" என்றேன். பொய்.

வியாழன் பின்னேரம் நீ வந்து பார்த்தாய்.

"ஏனம்மா?"

"வாற ஆக்களுக்கு முன்னாலை வெக்கப்படேலாது, பிள்ளை."

"ஆருக்கு வெக்கம்? உங்களுக்கோ, எனக்கோ?"

வெள்ளிக்கிழமை அடித்துக் காட்டினாய். "அடேயப்பா, மழை கொட்டுற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றா மாப்பிள்ளையின் தாய். நான் பூரித்துப்போய் இன்னொரு பக்கம் அடிக்கச் சொன்னேன். அதையும் அடித்தாய். நீ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை, பிள்ளைக்குக் கூச்சம் என்று அவர்களுக்குச் சொன்னேன்.

உன் கைநோவு திரும்பி வந்த பிறகு, மறுபடியும் எழுத்துகளை மாற்றித் தரச் சொல்லி நானே அந்தத் திருத்துகிற மனிசனிடம் போய்க் கெஞ்சினேன். "இனிச் சூடு காட்டினால் எழுத்து உடைஞ்சுபோம் அம்மா" என்றுவிட்டார். வேறு மெசினுக்கு வழியில்லை. மாரி முடியமுன் உன் வலக்கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பிரக்கிராசியார் வேறு ஆளைப் பிடித்தார். கை வழங்காத பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டாரும் விலகினார்கள். நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் இன்று எனக்குப் பிடித்துக்கொள்ள அதாவது இருந்திருக்கும்.

அடுத்த வருடக் காய்ச்சலில் நீ போனாய். கடைசி மூன்று நாளும் உன் இடக்கை பாயின்மேல் எதையோ அடித்துக்கொண்டேயிருந்தது. குனிந்து குனிந்து பார்த்தேன். பழைய ஒழுங்கா, புது ஒழுங்கா என்றுகூடத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலிசு எழுத்து எங்கே தெரியும்? அசைவை மட்டும் பாடமாக்கினேன். சின்னவிரல் ஒருமுறை, நடுவிரல் இரண்டுமுறை, பிறகு ஓய்வு, பிறகு மறுபடியும் சின்னவிரல். நாள்தோறும் என் முழங்காலில் அதை அடிக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டத் துணிவில்லை.