மாடு ஏறிய லிஃப்ட்டில் திருமதி மாலதி ஏறவும் வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
சு. ராஜவேல்,
பதினோராம் வகுப்பு மாணவன்,
ஒன்பதாம் மாடி, கெடிலக்கரை அடுக்ககம்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் அடுக்ககத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்னும் விதியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதுவரை என்மேல் புகார் சொன்னவர்கள்தான் அதிகம். நான் புகார் எழுதுவது இதுவே முதல் முறை. பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. எங்கள் லிஃப்ட் புது மாடல். ஸ்ட்ரெச்சரே போகும் அளவுக்கு அகலம். கரண்ட் போனால் தானாகவே பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும். எடை கூடினால் கத்தும். ஏறுவது யார் என்று அது கேட்பதில்லை, நாங்கள்தான் கேட்கிறோம். வேலைக்கு வருபவர்கள் படியில் போக வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. எங்கள் வீட்டிலும் இன்னும் சில வீடுகளிலும் வேலை செய்யும் திருமதி மாலதி, முட்டி வலியோடு ஒன்பது மாடியும் நடந்தே ஏறுகிறார். அவர் மகன் செம்பியன் என் வகுப்புத் தோழன். என்னோடு வரும்போது அவனுக்கு லிஃப்ட் உண்டு. அவன் அம்மாவுக்குக் கிடையாது. இது எனக்கு வெகுநாள் விசித்திரமாகவே படவில்லை என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

2. சென்ற மாதம் எங்கள் மாடியில் பவானி அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். அய்யனார் என்பவரின் பசுவை லிஃப்ட்டிலேயே ஏற்றினார்கள். பட்டனை அழுத்தியவன் நான். வீடியோ எடுத்தவனும் நான். வழியிலேயே பசு சாணி போட்டுவிட்டது. கழுவ, கீழே இருந்த மாலதி அவர்களைப் போனில் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் மாடியில் பசு குங்குமப் பொட்டோடு வெளியே வர, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அது அங்கேயே நிற்கும்போதே படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, வாளியோடு மூச்சு வாங்கியபடி அவர் வந்தார். லிஃப்ட்டுக்குள் போய்க் கழுவினார். கழுவி முடித்ததும் படியிலேயே இறங்கிப் போனார்.

3. வீடியோவுக்கு 'மாடி மேல மாடு, மாமா வீட்ட தேடு' என்று தலைப்பு வைத்தேன். மாலதி அவர்கள் ஃபிரேமைக் கெடுப்பதாகத் தோன்றியதால், அவர் நின்ற இடத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையை ஒட்டி மறைத்தேன். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

4. அதற்கு அடுத்த வாரம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. நானும் செம்பியனும் எடுத்த தலைப்பு, உயரக் கட்டடத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி. கயிறு அறுந்தாலும் பெட்டியை விழாமல் பிடித்துக்கொள்ளும் கருவி வந்த பிறகுதான் மனிதன் பயமில்லாமல் உயரத்துக்குக் குடிபோனான் என்று பேசினேன். அதற்கு முன் வெளிநாடுகளில் மேல்மாடி ஏழைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் உரியது. படியேற வேண்டுமே என்று பணக்காரர்கள் கீழே இருந்தார்கள். லிஃப்ட் வந்ததும் இடம் மாறிவிட்டது என்றேன். கயிறே இல்லாமல், காந்த விசையில் பக்கவாட்டிலும் ஓடும் லிஃப்ட் சோதனையில் இருப்பதையும் சொன்னேன். கடைசியில், அரங்கம் கலகலக்கட்டும் என்று பசு வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டேன். கலகலத்தது. செம்பியன் என் காதருகே, "மச்சான், அந்தப் பொம்மைக்குப் பின்னால நிக்கிறது எங்கம்மாடா. வாளியப் பாத்தா தெரியாதா எனக்கு?" என்றான். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தோம். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

5. விதியை எடுத்துவிடச் சொல்லிச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன். "மாடு வருசத்துக்கு ஒரு தடவ ஏறுது. இவுங்க தெனம் ஏறுவாங்க" என்றார். செயலாளர் திரு. சுப்பராயலு என் தந்தை என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. அன்று முதல் நானும் படியிலேயே ஏறினேன். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த மாலதி அவர்கள் என்னைப் பார்த்து, "நீ ஏறுனா என் முட்டிவலி கொறைஞ்சிடுமா தம்பி? லிஃப்ட்ல போ. உனக்கென்ன தலையெழுத்து" என்றார். அவர் சொன்னது சரி. ஆகவே அதை நிறுத்திவிட்டு, இதை எழுதுகிறேன். பெயரை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ, ஆனா வேல போயிடக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

எனவே, அந்த விதியை நீக்க உத்தரவிடுமாறும், இம்மனுவைக் காரணம் காட்டி அவரை யாரும் வேலையிலிருந்து நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரிக்க வரும் அலுவலர் ஒருமுறை படியில் ஏறிவந்து பார்த்தால் நல்லது. அவர் கையில் கொடுக்க ஒரு வாளித் தண்ணீரோடு நான் கீழே நிற்பேன்.

இடம்: கடலூர்
நாள்: திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் நாள்

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
சு. ராஜவேல்

நகல்: செயலாளர், குடியிருப்போர் சங்கம். இதைத் தபாலில் அனுப்பவில்லை. இன்று இரவு சாப்பாட்டின்போது நானே கையில் கொடுக்கிறேன்.