அங்குலத் திருகு

பிரெஷியா, 7 மார்ச் 2006

எஜிடியோவுக்கு,

எங்கள் அருங்காட்சியகத்தின் ஏழாம் பெட்டியில் இருக்கும் 1851-ஆம் வருட அமெரிக்கக் கைத்துப்பாக்கி உண்மையில் எங்கே பிறந்தது? அதற்குப் பொறுப்பாளர் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று எங்கள் பராமரிப்பாளர் செரீனா அதைத் துடைப்பதற்காகக் கழற்றினாள். "மேடம், இந்தத் திருகுல இருக்கறது மில்லிமீட்டர் மரை. அமெரிக்காக்காரன் அங்குலத்துலதானே போடுவான்?" என்றாள்.

1988-இல் நகல் செய்ய அளவெடுக்க வேண்டுமென்று உன் பட்டறைக்கு அதை இரவல் கொடுத்தது நான்தான். அப்போது நாம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ திருப்பித் தந்தது எதை?

இருபதாம் தேதி அமெரிக்காவிலிருந்து ஒருவர் அதைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வருகிறார். அசல் என்று நான் கையெழுத்திட வேண்டும்.

முழங்கால் வலி குறைந்ததா?

ஓர்னெல்லா

கார்தோனே, 10 மார்ச்

அன்புள்ள ஓர்னெல்லா,

முழங்கால் குளிர் விடட்டும் என்கிறது.

ஒரு திருகு என் கையில் மொண்ணையாகிவிட்டது. வெட்கப்பட்டு நம்முடையது ஒன்றைப் போட்டேன். அவ்வளவுதான். பட்டறைக் கூட்டாளி பத்திஸ்தா கேட்டுச் சிரித்தான்: "பிரிஞ்சு போயும் உன்ன விசாரிக்கிறத விடலையா அவ?"

ஞாயிறன்று பட்டறையில் கம்பியில் இறைச்சி சுடுகிறோம். வாயேன்.

எஜிடியோ

பிரெஷியா, 13 மார்ச்

எஜிடியோவுக்கு,

மில்லிமீட்டர் திருகு அங்குலத் துளையில் ஏறாது. நான் படித்தது வரலாறுதான். ஆனால் உன்னோடு பதினோரு வருடம் சாப்பிட்டவள். மற்ற திருகுகளையும் பார்த்துவிட்டோம். எல்லாமே மில்லிமீட்டர். நகல் என்றால், உங்கள் பள்ளத்தாக்கில் செய்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சட்டப்படி விழ வேண்டிய சோதனை முத்திரை இதில் எங்கே? அசல் என்றால் இந்த மரை ஏன்?

இறைச்சிக்கு வரவில்லை.

ஓர்னெல்லா

கார்தோனே, 16 மார்ச்

ஓர்னெல்லா,

அமெரிக்கர்கள் தங்கள் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டுக்காக நகல் கேட்டு வந்த நாளிலிருந்து, எங்களுக்கு ஒரே பரீட்சைதான்: அசலின் பீப்பாய் நகலில் உட்கார வேண்டும். பீப்பாயைப் பிடிக்கத் திருகு இல்லை, ஓர் ஆப்பு மட்டும். 1988-இல் உன்னுடையதன் பீப்பாயையும் எங்கள் நகலின் பீப்பாயையும் மாற்றி மாற்றிப் போட்டோம். உட்கார்ந்தது. வரிசை எண்ணைக்கூட அப்படியே பதித்திருந்தோம். ஒயின் திறந்தோம். மறுநாள் மேசையில் கிடந்த இரண்டில் ஒன்றை உனக்குக் கொடுத்தேன்.

மற்றது சோதனைக்குப் போய் முத்திரையோடு வந்தது. அதன் திருகைக் கழற்றினேன். அங்குலம். அதுதான் அசல். அதற்குள் உன் ரசீது வந்துவிட்டது. அதிலும் உன் கையெழுத்து. சொன்னால் உன் வேலை போகும் என்று பயந்தேன். பிறகு அந்த அசல், எங்கள் வேலைக்கு ஒரு மாதிரி என்று அமெரிக்காவுக்கே போய்விட்டது. உன்னிடம் இருப்பதில் திருகுகள் ஏறும் உடற்சட்டம் எங்களுடையது. பீப்பாய் யாருடையது என்று சத்தியமாகத் தெரியாது.

கையெழுத்துப் போட்டுவிடு. என் பெயர் வெளியே வந்தால் பட்டறைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆர்டரும் வராது.

எஜிடியோ

பிரெஷியா, 19 மார்ச்

எஜிடியோவுக்கு,

மூன்று முறை படித்தேன். காப்பாற்றியது என்னையா, உன்னையா என்று பிடிபடவில்லை. பிரியும்போது, நீ எதையும் சொல்வதில்லை என்று உன்னிடம் சொன்னேன். எதை என்று கேட்டாய். அன்று எனக்கே தெரியவில்லை.

நாளை கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பதினெட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை, இனியும் தெரியாது.

20 மார்ச்

மேலே எழுதியதை நேற்று அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று நடந்தது இது. வந்தவர் பெயர் வெண்டல். அவர் கையுறை போடுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பீப்பாயையே பார்த்தார்.

"இது எங்களோடதா இருக்கலாம்," என்றார்.

"இருக்கலாம்," என்றேன்.

நான் கையெழுத்திட வேண்டிய பத்திரத்தை நிரப்பாமலே பைக்குள் வைத்துக்கொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. மாற்றிப் பூட்டியவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். முகவரி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

ஓர்னெல்லா