துரை உட்கார்ந்த இடுப்பு

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்துக்கு நாலே வரியில் பதில். கிரேன் மேல் உட்கார்ந்தபடியே எழுதிப் போட்டீர்களோ என்னவோ. போனில் பேச ஆரம்பித்தால் நம் பிள்ளை துரையின் பேச்சு வந்து, பாதியிலேயே போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். இதிலும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

போன வாரம் குளியலறையில் காலி வாளியை எடுக்கக் குனிந்தேன். முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்காதான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார். நடக்கவே முடியாத பிள்ளையைப் பதினோரு வருஷம் இடுப்பில் சுமந்தவள், காலி வாளிக்கு விழுந்தேன். அவன் இருந்திருந்தால் விக்கல் எடுக்கும்வரை சிரித்திருப்பான்.

எலும்பில் கோளாறு இல்லையாம், தசைதான் கல்லாக இறுகிக் கிடக்கிறதாம். மூக்குக் கண்ணாடிக் கடை வேலையில் நாள் முழுக்க நிற்பதும் ஒரு காரணமாம். ஓய்வு யோகா என்று ஒரு வகுப்புக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். போகட்டுமா?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கு,

இதற்குக்கூட என்னைக் கேட்க வேண்டுமா? உடனே போ. ஆனால் ஓய்வுக்கு ஒரு வகுப்பா? காசு வாங்கிக்கொண்டு படுக்கச் சொல்லித் தருகிறார்களா? அப்படியென்றால் என்னையும் சேர்த்துவிடு. கிரேன் மேலிருந்து நாள் முழுக்கக் கீழேயே பார்த்து என் கழுத்தும் கொக்கு மாதிரி வளைந்துவிட்டது.

போன மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனதற்குக் கோபிக்காதே. லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 2

என்னங்க,

நீங்கள் கேலி செய்தது சரிதான். அங்கே நாங்கள் ஒன்றுமே செய்வதில்லை. திண்டு மாதிரி உருட்டித் தைத்த நீள மெத்தை, மடித்த போர்வை, நாற்காலி. உடம்பு எங்கெல்லாம் தொங்குகிறதோ அங்கெல்லாம் ஏதாவது ஒன்றை வைத்துத் தாங்கிவிட்டு, அப்படியே கிடக்கச் சொல்கிறார் டீச்சர். நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்ததில் இடுப்பு வலி பாதி குறைந்தது. பொய் சொல்லவில்லை.

நேற்று மண்டிபோட்டு உட்காரவைத்து, முன்னால் மெத்தையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து கட்டிக்கொள்ளச் சொன்னார். "இதுக்குப் பேரு குழந்தை ஆசனம். நீங்க எதையும் தூக்க வேணாம், மெத்தை உங்களத் தூக்கிக்கும்" என்றார். மெத்தை கிட்டத்தட்ட துரையின் நீளம். கன்னத்தை வைத்ததும் உடைந்துவிட்டேன். டீச்சர் ஒன்றும் கேட்காமல் முதுகில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்ததும் சுவரோடு நிற்கவைத்துப் பார்த்தார். இடது இடுப்பு வெளியே தள்ளியிருக்கிறது, வலது தோள் இறங்கியிருக்கிறது. "எதையாவது ஒரே பக்கமா தூக்குவீங்களா?" என்று கேட்டார்.

"தூக்கினேன்" என்றேன்.

"கவலப்படாதீங்க, கொஞ்ச நாள்ல நேராயிடும்."

இனிமேல் போகப் போவதில்லை. அந்த வளைவு துரை உட்கார்ந்த இடம். கழுத்தைக் கட்டிக்கொண்டு, தரையில் கால் படாமல், ஊரையே அங்கிருந்துதானே அதிகாரம் பண்ணினான்? அவன் சட்டைகளில்கூட இப்போது சோப்பு வாசம்தான் வருகிறது. என் உடம்பில் மிச்சம் இருப்பதையும் நிமிர்த்திவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. ஆனால் வகுப்பை மட்டும் விடாதே. தனியாக இருக்கிறாய். மறுபடி விழுந்தால் யார் தூக்குவார்கள்?

ஒரு காரியம் செய்திருக்கிறேன், திட்டாதே. அவன் சக்கர நாற்காலியையும் சாய்வுக் கட்டிலையும் ஊனமுற்ற பிள்ளைகளின் காப்பகம் ஒன்றுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். அவை அங்கே இருக்கும்வரை அவன் அறைக்குள் என்னால் கால் வைக்க முடியாது. அவை போய்விட்டால் நிச்சயம் வருவேன்.

உன் வீட்டுக்காரன்

மே 20

என்னங்க,

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

வந்தவர்கள் நல்ல மாதிரி. நாற்காலியின் இடது வாரை எப்படிப் போட்டால் தோள் அறுக்காது என்று வந்தவர்களில் ஒரு அம்மாவுக்குச் செய்து காட்டினேன். நாற்காலி அங்கே யாரோ ஒரு சின்னப் பெண்ணுக்காம். அவர்கள் போனபின் அந்த அறையைப் பெருக்கினேன். தடுக்க ஒன்றுமில்லாமல் துடைப்பம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அன்று சாயங்காலமே வகுப்புக்குப் போய்விட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

இப்போது வலி இல்லை. சுவரோடு நின்றால் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் ஒட்டுகின்றன. "என்னடி, வளந்துட்டியா?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி அறை காலி. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பேருந்து நிலையத்திலேயே நிற்கிறேன். என்னோடு அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், எதுவும் பேச வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன்.

பேருந்து உள்ளே நுழையும்போதே உன்னைப் பார்த்துவிட்டேன். தூணுக்குப் பக்கத்தில் நேராக நின்றாய். இரண்டு கையும் சும்மா தொங்கின. அவன் பிறந்த பிறகு உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. சுடுகாட்டில்கூட எனக்கு உறைக்கவில்லை. லீவில் வந்தால் உன் இடுப்பில் இருப்பான் என்றுதான் மனசுக்குள் எங்கேயோ வைத்திருந்தேன் போல. உன்னைப் பார்த்ததும்தான் அவன் இல்லை என்று தெரிந்தது.

பின்வாசல் வழியாக இறங்கி, பழக்கடைக்குப் பின்னால் நின்றேன். நீ ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாய். அடுத்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன்.

இங்கே வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் ஒரு குறையும் இல்லை. எனக்காகக் காத்திருக்காதே.

துரையின் அப்பா

ஜூன் 16

என்னங்க,

அன்று கடைசி வண்டி வரைக்கும் நின்றேன். வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் வீடு திரும்பினேன். நீங்கள் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறீர்கள்.

கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று தெரியும். பழக்கடைக்குப் பின்னால் நின்று அழுததை என் பக்கத்தில் நின்று அழுதிருக்கலாம். இரண்டு பேருமாகத் தாங்கியிருப்போம். உங்களுக்கு அது முடியவில்லை. அவனைத் தனியாகச் சுமந்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. உங்களையும் அப்படிச் சுமக்க என்னிடம் தெம்பு இல்லை.

இனிக் கடிதம் போட மாட்டேன். நீங்களும் போட வேண்டாம். கழுத்து வலியை அப்படியே விட்டுவிடாதீர்கள், யாரிடமாவது காட்டுங்கள்.

என்றைக்காவது வந்தால் கதவைத் தட்டுங்கள். நான் இருந்தால் திறப்பேன்.

துரையின் அம்மா