ரோசன்போர்க்கில் என் பின்னால் வந்தவள்

3 ஏப்ரல் 2025, வியாழன்

வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றவில்லை, போன் அடித்தது. கஜதீபன். தானாக எடுத்திருக்கிறான்.

"அம்மா, பன்ரெண்டாந் திகதி சனிக்கிழமை அப்பாவோடை கொப்பன்ஹேகன் வாறியளோ? ரோசன்போர்க் அரண்மனையைப் பாப்பம். ராசாக்களின்ரை கிரீடமெல்லாம் இருக்கு."

ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசனை தொடங்கியது. இரண்டு வருடமாக என் மகன் என்னோடு கதைத்ததெல்லாம் "ம்", "சாப்பிட்டன்", "வேலை கூட". கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் வீடு எடுத்து ஆறு வருடம் ஆகிறது, ஒரு நாள் இங்கே போவோம், அங்கே போவோம் என்று கேட்டவன் இல்லை. அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று அம்மாவுக்குக் கிரீடம் காட்ட ஆசை வந்துவிட்டதாம்.

சந்தோசப்பட வேண்டிய நாள். எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

4 ஏப்ரல்

இவரிடம் சொன்னேன். "நல்லது, போவம்" என்றார். பக்கத்தில் இருக்கிற ஓகூஸுக்குப் போவதென்றாலும் ரெயின் நேரம், விலை, மழை எல்லாம் மூன்று நாள் விசாரிக்கிற மனிசன். ஒரு கேள்வி இல்லை.

இவருக்கு ஏதோ தெரியும்.

7 ஏப்ரல், திங்கள்

முதலில் நோயாக இருக்குமோ என்று பயந்தேன். ஆட்களுக்கு நடுவில் வைத்துச் சொன்னால் அம்மா குளறி அழமாட்டா என்று நினைத்திருப்பான். பிறகு வேலை போய்விட்டதோ என்று யோசித்தேன். இன்று முதியோர் இல்லத்தில் கட்டில் விரித்துக்கொண்டு நிற்கும்போது அருள்நாயகியிடம் கேட்டேன். பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்கிறவள்.

"பெட்டை ஒண்டு இருக்கும் அக்கா" என்றாள்.

"பெட்டையெண்டால் ரண்டர்ஸுக்கு எங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறதுதானே?"

"உங்களிட்டையோ?" என்று கேட்டுவிட்டு, தலையணை உறையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பின்னேரம் இவர் அலுமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சனிக்கிழமைக்கு அந்த நீலச் சுடிதாரைப் போடு" என்றார். கலியாணம் கட்டி முப்பத்துமூன்று வருடம், நான் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றாலும் கவனிக்காத மனிசன்!

10 ஏப்ரல்

அருள்நாயகி ஏன் வாயை மூடினாள் என்று எனக்குத் தெரியாதா? இந்தக் கொப்பிக்கும் பொய் எழுதி என்ன காணப்போகிறேன். எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கஜன், சாரங்கா என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னான். ஓகூஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எங்கள் ஆட்களில் கலியாணம் என்றால் விசாரிக்காமல் ஆர் செய்கிறார்கள்? என்னையும் விசாரித்துத்தான் எடுத்தார்கள். நானும் அருள்நாயகியும் ஒரு சனிக்கிழமை போய், இருமல் மருந்து வாங்குகிற சாட்டில் அரை மணித்தியாலம் அந்தக் கடையில் நின்றோம். பிள்ளை எப்படிச் சிரிக்கிறாள், ஆரோடு கதைக்கிறாள் என்று பார்த்தேன். அதோடு வந்திருக்கலாம். கூட வேலை செய்த டேனிஷ்காரியிடம், இவளுக்கு ஆண் சிநேகிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் அன்றைக்கே சாரங்காவிடம் சொல்லிவிட்டாள். சாரங்கா கஜனை விட்டுவிட்டாள். கஜன் என்னை விட்டுவிட்டான்.

சனிக்கிழமை எது நடந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. இந்த முறையும் நான் ஏதாவது குழப்பினால் என் பிள்ளை இனி எனக்குப் போன் எடுக்கமாட்டான். அது எனக்கு நல்லாகத் தெரியும்.

13 ஏப்ரல், ஞாயிறு

வாயைத் திறந்துவிட்டேன்.

முதலில் இருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும். நேற்று பதினொன்றரைக்கு அரண்மனை வாசலில் கஜன் நின்றான். மெலிந்துவிட்டான். கட்டிப்பிடித்தான், ஆனால் கண் என் தோளுக்கு மேலால் எங்கேயோ போனது. ஆரைத் தேடுகிறான்? உள்ளே போக முன் கைப்பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். கை வெறுமையாகிவிட்டது. பை இல்லாமல் நின்றால் எனக்கு உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி.

கீழே ராசாவின் அறை ஒன்றில் ஒரு கதிரை இருக்கிறது. விருந்தாளி அதில் இருந்தால் கைப்பிடிக்குள் ஒளித்திருக்கிற கம்பி வந்து பிடித்துக்கொள்ளுமாம், பின்னால் இருந்து தண்ணீர் ஊற்றுமாம், எழும்பினால் ஊதுகுழல் சத்தம் போடுமாம். கஜன் வாசித்துச் சொல்லிச் சிரித்தான். இவரும் சிரித்தார். கூப்பிட்டு இருத்திவிட்டு விளையாடுகிறது என்ன பழக்கம்? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கேதான் அவளை முதலில் கண்டேன். தமிழ்ப் பெண், என்னிலும் கொஞ்சம் இளமை, சாம்பல் நிறக் கோட், கழுத்தில் சின்னச் சிலுவை. எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களைக் கண்டால் "எவடம்?" என்று ஊரைக் கேட்பார்கள், இல்லையென்றால் காணாத மாதிரிப் போவார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. நாங்கள் அடுத்த அறைக்குப் போனால் அவளும் வருகிறாள். கண்ணாடி அறையில் நிற்கிறாள். மேல் மண்டபத்தில் ராசாவின் கதிரைக்கு முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல் நிற்கின்றன. எல்லாரும் சிங்கத்தைப் பார்க்க, இவள் என்னைப் பார்க்கிறாள். நான் திரும்பினால் சுவரில் இருக்கிற விளக்கத்தை வாசிக்கிறாள். வாசிக்கிறவளுக்குக் கண் அசைய வேண்டும். இவளுக்கு அசையவில்லை.

"அந்த மனிசி எங்களுக்குப் பின்னாலை திரியுது" என்று இவருக்குச் சொன்னேன்.

"உனக்கு எல்லாரும் பின்னாலைதான் திரியினம்" என்றார். சொல்லும்போது காது சிவந்தது.

கடைசியில் நிலவறை. கிரீடங்கள் அங்கேதான். நல்ல கிரீடங்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் நான் கண்ணாடிக்குள் பார்த்தது அவளுடைய நிழலைத்தான். எனக்குப் பின்னால் இரண்டு அடியில். கஜனுடைய காற்சட்டைப் பின் பையில் பேர்ஸ் பாதி வெளியே தெரிந்தது. அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. நேரே காவலரிடம் போய் டேனிஷில் சொன்னேன்: இந்தப் பெண் ஐந்து அறையாக எங்களைத் தொடர்ந்து வருகிறாள், கொஞ்சம் பாருங்கள்.

காவலர் நல்ல மனிதர். மெதுவாகப் போய் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் செத்துப்போனது. கஜன் ஓடி வந்தான்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்? அது நிறோஷினியின்ரை அம்மா!"

"நிறோஷினி ஆர்?"

அவன் காவலர் பக்கம் திரும்பிவிட்டான். இவர் கிரீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு ஆர்வமாக ஒரு நகையைப் பார்த்ததில்லை.

வெளியே தோட்டத்தில் ஒரு மர வாங்கில் போய் இருந்தேன். பூட்டிய பெட்டிக்குள் பை கிடக்கிறது, கண் துடைக்க லேஞ்சி கூட இல்லை, கோட் கையால் துடைத்தேன். என்ரை பிள்ளை. என்ரை வயித்திலை பிறந்த பிள்ளை. ஐந்நூறு வருசத்துச் சாமானோடை என்னையும் காட்சிக்கு வைச்சிருக்கிறான். ரிக்கெட்டும் எடுத்து!

அவள்தான் வந்தாள். பக்கத்தில் இருக்கலாமோ என்று கேட்டுவிட்டு இருந்தாள். பெயர் விக்ரோரியா, கணவர் லோரன்ஸ், மன்னார் ஆட்கள், ஓல்போர்க்கில் முப்பது வருடம்.

"தம்பியிலை பிழையில்லை அக்கா. நான்தான் கேட்டனான். தம்பியும் என்ரை மகளும் ஒன்றரை வருசமாப் பழகினமாம், எங்களுக்குத் தை மாசம்தான் சொன்னவை. சாரங்காவின்ரை கதை எங்களுக்கும் காதிலை விழுந்தது. நான் பாக்கிறது தெரியாமல் நீங்கள் நிக்கேக்கை எப்பிடி இருக்கிறியள் எண்டு ஒருக்காப் பாக்கோணும் எண்டு நினைச்சன்."

"அதுக்கு இப்பிடியோ?"

"பிள்ளையை ஒருத்தரிட்டைக் குடுக்க முன்னம் ஒரு தாய் பாக்கக்கூடாதோ?"

என்ன சொல்ல? இருமல் மருந்து வாங்கியவள் நான்.

ரெயினில் மூன்றரை மணித்தியாலம். இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். கஜன் வழியனுப்பவும் வரவில்லை.

15 ஏப்ரல்

சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனேன். தானே போட்டுச் சாப்பிட்டார்.

17 ஏப்ரல்

இன்று கேட்டேன். "ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"சொல்லியிருந்தால் நீ சிரிச்சுச் சிரிச்சு நடிச்சிருப்பாய். அந்தப் பிள்ளை உன்னை நம்பி வந்து பேந்து ஏமாந்திருக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. இவர் சொன்னது சரி.

கஜனுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். அடித்து நின்றுவிட்டது.

22 ஏப்ரல், செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து இன்று விக்ரோரியா போன் எடுத்தாள். நல்லது சொல்லத்தானா, இல்லைத் திட்டவா என்று தெரியாமல், கதிரையில் இருந்துகொண்டே கேட்டேன்.

"அக்கா, எனக்குத் தோட்டத்திலையே விளங்கிட்டுது. உங்களுக்குப் பிழையெண்டு பட்டதை நேரை போய்ச் சொன்னீங்கள். ஒளிச்சு நிண்டது நான். நான் மன்னிப்புக் கேக்கோணும்."

நானும் கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கேட்டாள், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை என்று உங்களுக்கு மனக்குறை இல்லையோ என்று. இருக்கிறது என்றேன். ஆனால் அது என் குறை, பிள்ளையின் குறை இல்லை என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? இன்னும் யோசிக்கிறேன்.

11 மே

கஜன் போன் எடுத்தான். நிறோஷினியும் அவனும் சமைக்கிறார்களாம், ஜூன் பதினாலாந் திகதி ஹ்விடோவ்ரேக்கு வரச் சொன்னான். "அம்மா, ப்ளீஸ், இந்த முறை ஒண்டும்..." என்று இழுத்தான். ஒன்றும் செய்யமாட்டேன் என்றேன். நம்பினானோ தெரியாது. நானே நம்பவில்லை.

15 ஜூன், ஞாயிறு

நேற்றுப் போய் வந்தோம்.

மாடிக் கட்டடம். கீழே வாசலில் எல்லா வீட்டுக்காரருக்கும் தபால் பெட்டி வரிசையாக இருக்கிறது. இவருக்கு முழங்கால் வருத்தம், மூச்சு வாங்கட்டும் என்று நின்றோம். கண் சும்மா இருக்குமா? கஜனின் பெட்டியில் பெயர்ச் சீட்டுக்கு மேல் வெள்ளைக் கடதாசி ஒன்று ஒட்டி, அதில் பேனாவால் அவன் பெயர் மட்டும் எழுதியிருந்தது. மற்றப் பெட்டிகளில் எல்லாம் அச்சடித்த பெயர். கடதாசி புதிது. ஒரு மூலை கிளம்பியிருந்தது.

இவர் மேலே ஏறத் தொடங்கிவிட்டார். நான் நின்றேன். ஒட்டாத மூலைதானே, விரலால் கொஞ்சம் தூக்கினேன்.

கஜதீபன் குலேந்திரன். அதற்குக் கீழே நிறோஷினி குலேந்திரன்.

இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பனுடைய பெயர்தான் குடும்பப் பெயர். லோரன்ஸின் மகளுக்குப் பின்னால் இவருடைய பெயர், குலேந்திரன், சும்மா வந்து ஒட்டாது. கலியாணப் பதிவு எழுத்து முடிந்துவிட்டது. என் மகனுக்குக் கலியாணம் நடந்துவிட்டது. நான் அங்கே இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேலே போய் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், எத்தனையாம் திகதி, ஆர் சாட்சி, அப்பாவுக்குத் தெரியுமோ, அந்த விக்ரோரியாவுக்குத் தெரியுமோ. எல்லாக் கேள்வியும் வாய்க்குள் வந்து நின்றது. மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வாங்கோ மாமா, மாமி எங்கை?" ஒரு பிள்ளையின் குரல். பயந்த குரல். என்னைப் பார்க்கப் பயப்படுகிற குரல் எனக்குத் தெரியும்.

கடதாசியின் மூலையைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன். கிளம்பியது. இன்னொரு தரம் அழுத்தி, பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டிவிட்டது. ஏறினேன்.

மெல்லிய பிள்ளை. கை குளிர்ந்திருந்தது. கோழிக்கறி நல்லாக இருந்தது, உப்புக் கொஞ்சம் குறைவு, அதைச் சொல்லவில்லை. எத்தனை அறை, பிள்ளைக்கு எங்கே வேலை என்று கூடக் கேட்கவில்லை. பிள்ளையே சொன்னதைக் கேட்டேன். இவர் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், காய்ச்சலோ என்பது போல.

கோப்பி குடிக்கும்போது கஜன் கோப்பையைக் கீழே வைத்தான். நிறோஷினி எழும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒரு விசயம் சொல்லோணும். அவவின்ரை அம்மா அப்பாவுக்கும் இன்னும் தெரியாது. உங்களுக்கும் அப்பாவுக்கும்தான் முதல் சொல்லுறம்."

முதல் என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, கீழேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் நினைக்கவில்லை.

"என்ன தம்பி?" என்று கேட்டேன். "சொல்லு."